கொள்முதல் நிலையத் தூசியும் லேசிக் செய்த கண்ணும்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருப்பவனுக்குக் கண்ணாடி எவ்வளவு தொந்தரவு என்பது, அங்கே ஒரு பருவம் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால் காலையில் ஓட ஆரம்பிக்கும் தூற்றும் இயந்திரம் இரவு வரை நிற்காது. பதரும் சுணையும் பறந்து வந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். துடைத்தால் கீறல் விழும், துடைக்காவிட்டால் எழுத்து தெரியாது. வியர்வையில் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். ஈரப்பதக் கருவியில் 17 என்று இருக்கிறதா 19 என்று இருக்கிறதா என நான் குனிந்து பார்க்கும்போது, நெல் கொண்டுவந்த விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த இரண்டு புள்ளியில்தான் அவருடைய நெல் இன்றைக்கு எடைபோடப்படுமா, மறுபடி களத்தில் காயப்போட வேண்டுமா என்பது இருக்கிறது.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் முதல் பெஞ்சுக்கு மாற்றப்பட்ட காலத்திலிருந்து கண்ணாடிதான். இருபத்தொன்பது வயதில், ஆனி மாதம், நெல் வரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, லேசரால் கண்ணின் பவரைக் குறைக்கிற லேசிக் அறுவையைச் செய்துகொண்டேன். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது வேறு யாரும் அதைச் செய்திருக்கவில்லை. அதனால் இன்றுவரை கண்ணாடி போட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். “செய்யலாமா தம்பி, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?”

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. பத்து நிமிஷ வேலை, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்பது ஒன்று. கண்ணில் லேசர் வைத்தால் பார்வையே போய்விடும் என்பது இன்னொன்று. என் அனுபவத்தில் இரண்டுமே உதவாத பதில்கள். நான் இப்போது கேட்பவர்களிடம் முதலில் சொல்வது: அறுவை நடக்கிற நாளைவிட, அதற்கு முன் கண்ணைச் சோதிக்கிற நாள்தான் முக்கியமானது. அன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், பிறகு வரக்கூடிய துன்பத்தில் பெரும்பங்கைத் தவிர்த்துவிடலாம்.

செய்முறையை விளங்கிக்கொள்வது அவ்வளவு கடினம் இல்லை. கண்ணின் முன்பக்கம் இருக்கிற ஒளி ஊடுருவும் கருவிழியின் தடிமன் நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லேசிக்கில் அதன் மேலடுக்கில் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு ஒரு மெல்லிய மடிப்பை அறுத்துத் திறப்பார்கள். அடியில் இருக்கும் திசுவை எக்ஸைமர் லேசரால் தேவையான அளவு குறைத்து, மடிப்பை மறுபடி அதன் இடத்தில் படியவைப்பார்கள். தையல் கிடையாது. ஒரு பவரைக் குறைக்க சுமார் 12 முதல் 15 மைக்ரான் திசு போகும்.

என் கணக்கை டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். கருவிழி 540. மடிப்புக்கு 110. ஆறு பவருக்கு அதிகபட்சம் 90. மீதி 340. அடியில் தொடாமல் விடுகிற திசு 250 மைக்ரானுக்குக் கீழே போகவே கூடாது, 300 இருந்தால் நிம்மதி என்றார். இதே கணக்கை 480 மைக்ரான் கருவிழியும் மைனஸ் எட்டு பவரும் உள்ளவருக்குப் போட்டுப் பாருங்கள். மடிப்புக்கு 110, பவருக்கு 120 போனால் மீதி சரியாக 250. விளிம்பில் வந்து நிற்கிறது. அவருக்கும் எனக்கும் அறுவை ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல. “எதிர்வீட்டுப் பையன் செய்துகொண்டான், நன்றாக இருக்கிறான்” என்பது உங்கள் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொட்டு மருந்திலேயே மரத்துவிடும். இமையை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி வைப்பார்கள். மடிப்பு எடுக்கும்போது கண்ணை உறிஞ்சிப் பிடிக்கிற வளையம் அழுத்தும், சில நொடிகளுக்குப் பார்வை இருண்டுபோகும். பயம் வருகிற நேரம் அதுதான், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதறாமல் இருக்கலாம். அப்புறம் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். லேசர் ஓடுவது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முடி கருகுவது மாதிரி ஒரு வாடை வரும். ஆனால் உண்மையில் எதுவும் கருகுவதில்லை. 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்தப் புறஊதாக் கதிர், சுற்றியிருக்கும் திசுவைச் சுடாமல் மூலக்கூறுகளின் பிணைப்பை மட்டும் உடைத்துப் பிரிக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்மவர் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரங்கசாமி சீனிவாசன், 1929ல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, 1981 நவம்பரில் வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். ஓரம் கருகாமல் சீராக வெட்டுப்பட்டது. அவரும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவரும் தொடங்கியதை, ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் கருவிழிக்குக் கொண்டுவந்தார். நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லித்தர வேண்டிய கதை இது.

மறுநாள் காலை கண்காப்பை எடுத்ததும் எதிர்வீட்டுச் சுவரில் எழுதியிருந்தது படிக்க முடிந்தது. அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் காலைக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வந்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் முங்கிக் குளிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், படித்துறையிலேயே உட்கார்ந்து அக்கரையில் நின்றவர்களின் முகங்களைக் கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொந்தரவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காலையில் எழுந்தால் இமை விழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துத் திறப்பதற்குள் உரசி வலிக்கும். மதியத்துக்கு மேல் மணலைக் கொட்டியது போன்ற உறுத்தல். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தாரைதாரையாக நீர் வழியும். இவ்வளவு நீர் வரும் கண்ணை வறண்ட கண் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காரணம் இதுதான். மடிப்பை அறுக்கும்போது கருவிழியில் ஓடுகிற நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் உலர்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை, வழக்கமாகச் சுரக்கும் கண்ணீர் குறைகிறது. உலர்ந்த இடத்தில் எரிச்சல் முற்றும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. அந்த நரம்புகள் வளர்ந்து கூடப் பல மாதங்கள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு ஒரு சம்பா பருவத்தைத் தாண்டியும் நீடித்தது.

அறுவை செய்த இடத்தில் போய்ச் சொன்னால் ஒவ்வொரு முறையும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை படித்துவிடுவேன். “சிக்ஸ் பை சிக்ஸ் வந்துடுச்சு சார், ரிசல்ட் சூப்பர்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் இப்போதும் வருத்தம் உண்டு. மருத்துவமனை விளக்கு வெளிச்சத்தில் கறுப்பெழுத்தைப் படிப்பது ஒன்று. களத்தில் பத்து மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருப்பது வேறு. பலகை அளப்பது முதலாவதை மட்டும்தான்.

பிறகு வேறொரு மருத்துவர் கீழ் இமையின் ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். ஷிர்மர் சோதனை. காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஈரம் ஏறுகிறது என்று பார்ப்பது. ஐந்துக்குக் கீழே என்றால் நல்ல வறட்சி என்று பொருள், என்னுடையது அங்கேதான் நின்றது. மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்த்தார். பத்து நொடியாவது தாங்க வேண்டும், எனக்கு அதில் பாதிகூட இல்லை. சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து, பதனப்பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர், இமை ஓரச் சுரப்பிகளுக்கு வெதுவெதுப்பான துணி ஒத்தடம் என்று நாள்பட்ட சிகிச்சையில்தான் கண் தெளிந்தது. இந்தக் காகிதச் சோதனை அறுவைக்கு முன் எனக்குச் செய்யப்படவில்லை. முன்பே வறட்சி இருந்திருந்தால் அப்போதே சரிசெய்திருக்கலாம், அல்லது மடிப்பு இல்லாத வேறு முறையைப் பற்றிப் பேசியிருக்கலாம். செய்துகொள்ளப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது இரவு. கொள்முதல் கணக்கை முடித்துவிட்டு வண்டியில் வீடு திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால், எதிர்ப்பக்கம் வரிசையாக நிற்கிற வண்டிகளின் முகப்பு விளக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ஒளிவட்டம். வட்டத்திலிருந்து கம்பி கம்பியாக ஒளி நீளும். கேட் திறந்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புறப்படும்போது, அந்த ஒளிக்குள் சைக்கிளில் வருபவரைப் பார்க்க முடியாது. தைப்பனி இறங்கிய இரவுகளில் இன்னும் மோசம். இருட்டில் கண் பாப்பா விரியும்போது, லேசர் சீராக்கிய பகுதியின் விளிம்பையும் தாண்டி ஒளி உள்ளே வருவதும், கருவிழியின் வளைவு மாறியிருப்பதும் இதற்குக் காரணம். பல மாதங்களில் அது குறைந்தது. முழுக்கப் போகவில்லை. இன்றும் இரவில் தஞ்சாவூர் சாலையில் நான் வேகம் எடுப்பதில்லை.

என் ஒருவனுக்கு மட்டும் இப்படி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2017ல் வெளியானது. அறுவைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம் போன்ற எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல், மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருந்தது. வறட்சி இல்லாதவர்களில் கால்பங்குக்கும் அதிகமானவர்களுக்கு அது வந்திருந்தது. அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். இந்தத் தொந்தரவால் அன்றாட வேலையே கடினமாகிவிட்டது என்றவர்கள் நூறில் ஒருவருக்கும் குறைவு. இரண்டும் ஒரே மனிதர்களுக்குள் உண்மையாக இருக்க முடியும் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. திருப்தியா என்று கேட்டால் நானும் ஆமாம் என்றுதான் சொல்வேன். எரியவில்லையா என்று தனியாகக் கேட்டால்தான் எரிகிறது என்ற பதில் வரும். இதைவிட அரிதாகச் சிலருக்கு, அறுபட்ட நரம்பு கோணலாகக் கூடி, கண் பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்க வலி மட்டும் தீராமல் நிற்கிறது. சோதனையில் ஒன்றும் தெரியாத வலி மனத்தையும் உடைத்துவிடும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அவர் சொல்வதை நம்புங்கள்.

எதிர்பாராத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கண்ணுக்கும் தூற்றும் இயந்திரத்துக்கும் நடுவில் இத்தனை வருடம் ஒரு தடுப்பு இருந்தது, அது கண்ணாடி. அறுவைக்குப் பிறகு வந்த முதல் பருவத்திலேயே சுணை நேராகக் கண்ணில் விழுந்தது. கருவிழியின் உணர்ச்சி குறைந்திருந்ததால் விழுந்தது உடனே உறைக்கவும் இல்லை. நம் பக்கத்தில் நெல் சுணையோ வைக்கோலோ கீறி, பூஞ்சை பிடித்து, கருவிழி வெள்ளையாகிப் பார்வை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் நிலையத்தில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவருக்கு ஒரு கண் அப்படித்தான் போனது. இப்போது களத்துக்குப் போனால் பவர் இல்லாத காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். வயலில், களத்தில், மரப்பட்டறையில், வெல்டிங்கில் வேலை செய்கிறவர்கள் இதை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மடிப்பு முன்போல் இறுகி ஒட்டிவிடுவதில்லை. பல வருடம் கழித்துக்கூட பலமான அடி பட்டு விலகியிருக்கிறது. மடிப்பே இல்லாமல் மேற்பரப்பில் செய்கிற பிஆர்கே முறை இருக்கிறது. சில நாள் நல்ல வலி, தெளிவு வரத் தாமதம், ஆனால் விலக மடிப்பு இல்லை. சின்னத் துளை வழியாகத் திசுவை எடுக்கிற ஸ்மைல் முறையிலும் மடிப்பு கிடையாது.

பூஞ்சை என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒரு சங்கதி. அறுவைக்குப் பிறகு தருகிற சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். மிச்சம் அலமாரியில் கிடக்கும். குறுவை அறுவடையில் சித்தப்பா கண்ணில் தாள் குத்திச் சிவந்தபோது, “உனக்குக் குடுத்த மருந்து இருக்கே, ரெண்டு சொட்டு விட்டா சரியாயிடும்” என்று அம்மா அதை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை நான் வீட்டில் இருந்தேன். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் முதலில் சிவப்பு குறைந்து குணமானது போல் தெரியும், உள்ளே புண் பரவிவிடும். கண்ணே போய்விடக்கூடும். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விளக்கெண்ணெயும் விடுவதும் ஆபத்துதான். தாளோ சுணையோ பட்டுச் சிவந்த கண்ணை அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிச்ச மருந்தைக் கொட்டிவிடுங்கள்.

என் தங்கை கதைக்கு வருகிறேன். சித்தப்பா மகள், திருவாரூரில் படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போன பிறகு “கண்ணாடிதான் யோசிக்கிறாங்க” என்று தரகர் வந்து சொன்னார். அவளுக்கு அது தைத்துவிட்டது. “அண்ணே, உனக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் செஞ்சுடலாம்” என்றாள். நானும் கூடவே போனேன். பவர் மைனஸ் நான்குதான், என்னைவிடக் குறைவு. ஆனால் கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்குப் போடுகிற சிலிண்டர் பவர் இரண்டு வருடமாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. சின்ன வயதிலிருந்து கண் அரிப்பு, புறங்கையால் கசக்கிக்கொண்டே இருப்பாள்.

கருவிழியின் வடிவத்தை வண்ணப் படமாக எடுக்கிற டோப்போகிராபி சோதனையில் கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பாகத் திரண்டிருந்தது. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த இடத்தில் கருவிழி மெலிந்து முன்னால் தள்ளுகிறது, மெலிந்த சைக்கிள் டியூப் ஒரு பக்கம் புடைப்பது மாதிரி. கெரட்டோகோனஸ் என்ற நோயின் ஆரம்பம். இதன் மேல் லேசிக் செய்தால் இருக்கிற பலமும் போய், கருவிழி கூம்பாகச் சரிந்து, கடைசியில் மாற்றுக் கருவிழி வைக்கிற நிலை வரலாம். லேசிக் செய்தவர்களில் இப்படிச் சரிவது நூறில் ஒருவருக்கும் கீழேதான். ஆனால் அந்தச் சிலரில் பலர் முன்பே இப்படிப் படத்தில் அடையாளம் காட்டியிருக்கக்கூடியவர்கள். “இந்தக் கண்ணுக்கு லேசிக் வேண்டாம்மா. கசக்குறதை இன்னையோட நிறுத்து” என்றார்.

அவள் வழியெல்லாம் பேசவில்லை. அடுத்த வாரம் சித்தப்பா வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே படம் எடுத்தார்கள், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தேதி கொடுத்துவிட்டார்கள். முன்பணத்துக்குச் சலுகையும் சொன்னார்களாம். வீட்டில் பெரிய சண்டை. ஒருவர் முடியாது என்றால் திறமை இல்லை, இன்னொருவர் செய்கிறேன் என்றால் பெரிய டாக்டர் என்று சித்தப்பா நினைத்தார். இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதாகக் கருவிழி நிபுணர் ஒருவரைப் பார்த்த பிறகுதான் அடங்கினார். முடியாது என்று சொன்ன அந்த முதல் டாக்டர் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து என் தங்கையின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் நோய் நகர்வது உறுதியானதும் கிராஸ்லிங்கிங் செய்தார்கள். ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் சொட்டை கருவிழியில் ஊறவிட்டு, புறஊதா ஒளி பாய்ச்சி, திசுவை இறுக்குகிற சிகிச்சை. பவரைக் குறைக்காது, மேலும் கெடாமல் நிறுத்தும். இப்போது அவள் கடினமான வகைக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்க்கிறாள். கல்யாணமும் ஆயிற்று, வேறு வீட்டில்.

வேலைக்காகச் செய்துகொள்ள நினைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ரயில்வே உதவி லோகோ பைலட் போன்ற பதவிகளுக்குக் கண்ணாடி இல்லாத பார்வை வேண்டும் என்பதால் லேசிக் செய்துகொண்டு போகலாம் என்று பயிற்சி மையங்களில் யாராவது சொல்வார்கள். அந்த மருத்துவப் பிரிவில் லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

மைனஸ் பவர் போனாலும் கண்ணின் நீளம் குறைவதில்லை. அதிக பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழிகிற வாய்ப்பு அப்படியே இருக்கும். வருடம் ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறேன். நாற்பதைத் தாண்டினால் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி எல்லாரையும் போல வந்துவிடும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தம் அளக்கும்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், எங்கே போனாலும் லேசிக் செய்தவன் என்று முதலில் சொல்ல வேண்டும்.

வயதான பிறகு கண்புரை வந்தால் உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிட, அறுவைக்கு முன்னால் இருந்த பவரும் கருவிழி வளைவும் தெரிந்தால் மிகவும் உதவும். வழக்கமான சூத்திரம் லேசிக் செய்த கண்ணில் தப்பாகிவிடும். அப்பாவுக்குப் புரை எடுக்கப் போயிருந்தபோதுதான் அந்த டாக்டர் இதை எனக்குச் சொன்னார். வந்ததும் பழைய கோப்பைத் தேடி எடுத்து, முதல் நாள் சோதனைத் தாள்களை நகல் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதியும் தங்கை கையில் ஒரு பிரதியும் கொடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் செய்துகொண்டவர் என்றால், மருத்துவமனை பழைய கோப்புகளைக் கழிப்பதற்கு முன் போய் உங்களுடையதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.